கூண்டுப் பண்ணையிலிருந்து மீட்ட கோழிகளைத் தேற்றுவது எப்படி?

பெரிய முட்டைப் பண்ணைகளில் 72 வார வயதையொட்டிக் கழித்துவிடும் லேயர் கோழிகளுக்குக் கொண்டை வெளுத்துத் தொங்கும், நகம் வளைந்திருக்கும், கழுத்தில் இறகே இருக்காது. இதெல்லாம் பெரும்பாலும் தேறிவிடும். எலும்புதான் கவலை. முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்தைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுத்த உடம்பு அது. காலையோ இறக்கையையோ பிடித்துத் தூக்கினால் முறியும். இறக்கைகளை உடம்போடு சேர்த்து, இரண்டு கையாலும் அணைத்துத் தூக்குங்கள்.

1. தண்ணீர்

பலரும் சறுக்குவது இங்கேதான். பண்ணையில் நிப்பிளை (கொத்தினால் தண்ணீர் சொட்டும் குழாய் முனை) கொத்தியே குடித்துப் பழகிய கோழிக்குக் கிண்ணத்தில் இருப்பது தண்ணீர் என்றே தெரியாது. பக்கத்திலேயே தாகத்தோடு நிற்கும். வந்தவுடன் ஒவ்வொன்றாகப் பிடித்து அலகின் நுனியை மட்டும் தண்ணீரில் தோயுங்கள், மூக்குத் துளை நனையக் கூடாது. தலையை அண்ணாந்து விழுங்கினால் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். ஒன்றைப் பார்த்து மற்றவையும் குடிக்கும், ஆனால் அதை நம்பி விட்டுவிடாதீர்கள். இருட்டியபின் கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். நிறைந்து, அழுத்தினால் அமுங்க வேண்டும். காலியாக இருந்தால் அது சாப்பிடவில்லை, மறுநாள் காலையில் முதலில் அதைக் கவனியுங்கள். அகலக் கிண்ணத்தில் ஏறி நின்று எச்சமிடும் என்பதால், தொங்கவிடும் மணி வடிவக் குடிகலனே என் தேர்வு.

2. தீவனம்

முதல் இரண்டு வாரம் தூளாக இருக்கும் லேயர் தீவனமே போதும். புரதம் 16-17 சதவீதம், கால்சியம் 3.5-4 சதவீதம் இருக்கட்டும். பண்ணையில் அலகின் நுனி வெட்டப்பட்டிருப்பதால் தரையில் சிதறிய தானியத்தை எடுக்கச் சிரமப்படும். ஆழமான பாத்திரத்தில் 5 செ.மீ. உயரத்துக்குக் கொட்டுங்கள். கிளிஞ்சல் துண்டுகளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தானியத்தை அள்ளிக் கொடுத்தால் புரதம் குறையும், இறகு முளைக்கத் தாமதமாகும்.

3. இடம்

தரையில் 8-10 செ.மீ. மரச்சீவல் பரப்புங்கள். அடையும் கம்பு 20-30 செ.மீ. உயரத்துக்கு மேல் வேண்டாம், குதித்து இறங்கும்போது மார்பெலும்பு உடையும். மாலையில் கூட்டுக்குள் போகத் தெரியாமல் வெளியிலேயே குந்தியிருக்கும். பழகும்வரை தூக்கித்தான் உள்ளே விட வேண்டும். மொட்டைத் தோல் வெயிலில் புண்ணாகும், நிழல் கட்டாயம். ஸ்வெட்டர் பின்னிப் போடுகிறார்களே, அது வேண்டாம். நனைந்தால் குளிரும், முளைக்கிற இறகையும் உரசும்.

4. பழைய கோழிகளோடு சேர்ப்பது

நடுவில் கம்பி வலை கட்டி இரண்டு வாரம் பார்க்க மட்டும் விடுங்கள். சேர்க்கும் நாளில் தீவனப் பாத்திரம் இரண்டு இடத்தில் இருக்கட்டும். ரத்தம் வந்த கோழியை உடனே பிரித்து வையுங்கள், இல்லையேல் மற்றவை கொத்தியே கொன்றுவிடும்.

பின்சேர்க்கை: ஓடு இல்லாத தோல்முட்டை இடுகிறதே என்று பலர் கேட்டிருந்தீர்கள். எப்போதாவது என்றால் பயமில்லை. ஆனால் வால் தொங்கி, சிலிர்த்து நின்று, முக்கிக்கொண்டே இருந்தால் முட்டை சிக்கியிருக்கலாம். அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். ஆன்டிபயாடிக் கொடுத்தால் அவர் சொல்லும் நாள்வரை அந்தக் கோழியின் முட்டைகளைச் சாப்பிடாதீர்கள்.