கதை சொல்லப் போகுமுன்: மண்டபம் ஊரில் நான் முடித்த வேலை

சென்னை நிறுவனம் ஒன்று தொலைக்காட்சித் தொடருக்காகப் பாம்பன் பக்கத்துக் கதையை வாயால் சொல்லச் சொன்னது. ஆனால் வெறும் கருவுக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) இல்லை, நாடக ஆசிரியர் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அதைத்தான். 'மீனவர் குடும்பப் பகை' என்ற ஒரு வரி யாருக்கும் சொந்தமில்லை. கச்சான் காற்றில் வள்ளம் ஏன் திரும்பவில்லை, வலையை அறுத்தது யார் என்று காட்சி காட்சியாக எழுதினால்தான் உரிமை பிறக்கும்.

எழுதியதை யூனிகோட் எழுத்துருவில் பி.டி.எஃப். ஆக்கினேன். பழைய எழுத்துருவைக் கோப்போடு இணைக்காவிட்டால் வேறு கணினியில் எழுத்து சிதறிப்போகலாம். பதிப்புரிமை அலுவலகத்தில் இணையம் வழி படிவம் 14, கட்டணம் 500 ரூபாய். டைரி எண் (விண்ணப்பத்துக்குத் தரும் எண்) வந்ததும் யாராவது ஆட்சேபம் சொல்வார்களா என்று 30 நாள் காத்திருக்க வேண்டும். சென்னையில் உள்ள தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர்கள் அங்கேயும் பதிந்துவிடுங்கள். தகராறு வந்தால் பேச ஆள் வேண்டுமே!

ஒப்பந்தத்தில் 'அனைத்து உரிமைகளும்' என்று மட்டும் இருந்தது. காலமும் எல்லையும் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 19-இன்படி காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிக்காவிட்டால் இந்தியா முழுதும். தமிழ் மட்டும், தொலைக்காட்சி மட்டும், 3 ஆண்டு என்று எழுத வைத்தேன். வேறு மொழியில் ஆக்குவதற்குத் தனித் தொகை. அந்தச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு ராயல்டிப் பங்கை (படைப்பைப் பயன்படுத்துவதற்காக வரும் தொகையின் பங்கை) எழுத்தாளர் விட்டுக்கொடுத்தாலும் செல்லாது. அப்படி விட்டுக்கொடுக்கும் வரி ஒப்பந்தத்தில் இருந்தால் அடிக்கச் சொல்லத் தயங்கவே கூடாது.