பழைய வரி பாக்கிக்காக ரீஃபண்ட் பிடித்து வைக்கப்பட்டால் என்ன செய்வது?

வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டு ரீஃபண்டுக்குக் காத்திருக்கும் வேளையில், பணத்துக்கு முன்பாகப் பெங்களூருவிலுள்ள சி.பி.சி.யிலிருந்து (வரிக் கணக்குகளைப் பரிசீலிக்கும் வருமான வரித் துறையின் மையம்) 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 245 ஆவது பிரிவின்கீழ் ஓர் அறிவிப்பு வருவதுண்டு. முந்தைய ஏதோ ஒரு மதிப்பீட்டு ஆண்டுக்கான (வருமானம் ஈட்டிய நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) வரி உங்கள் பான் எண்ணில் பாக்கி நிற்பதால், அதை இந்த ரீஃபண்டில் கழித்துக்கொள்ளப் போவதாக அது தெரிவிக்கும். இந்தப் பிரிவின்கீழ் வருமான வரி பாக்கியைத்தான் கழிக்க முடியும். வங்கிக் கடன், கிரெடிட் கார்டு நிலுவை போன்றவை இதில் வாரா.

படி 1: மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொட வேண்டாம். வருமான வரித் துறையின் இணையதளத்தை நீங்களே திறந்து, 'பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்' பகுதியில் 'ரெஸ்பான்ஸ் டு அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட்' என்பதைப் பாருங்கள். பாக்கி உண்மையானால் ஆண்டும் தொகையும் அங்கே இருக்கும்.

படி 2: அந்த பாக்கி எப்படி முளைத்தது என்று கண்டுபிடியுங்கள். அவசரப்படக் கூடாத இடம் இதுதான். அந்த ஆண்டின் படிவம் 16 (கம்பெனி தரும் வரிப் பிடித்தச் சான்றிதழ்), 26ஏஎஸ் (உங்கள் பான் எண்ணில் வரவான வரியைக் காட்டும் துறையின் அறிக்கை), வரி கட்டிய சலான் மூன்றையும் அருகருகே வையுங்கள். கம்பெனி உங்கள் சம்பளத்தில் 18,000 ரூபாய் பிடித்திருக்க, 26ஏஎஸ்-இல் 12,000 மட்டுமே ஏறியிருந்தால், மீதி 6,000 உங்கள் தலையில் பாக்கியாக விழுந்திருக்கும். அதன்மேல் 220(2) பிரிவின்படி மாதம் 1 சதவீத வட்டியும் ஏறிக்கொண்டிருக்கும். ஆனால், பிடித்தம் செய்யப்பட்ட வரியை மீண்டும் உங்களிடமே கேட்கக் கூடாது என்கிறது 205 ஆவது பிரிவு. எனவே பே ஸ்லிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, டி.டி.எஸ். (சம்பளத்தில் பிடித்த வரி) அறிக்கையைத் திருத்தும்படி கம்பெனிக்கு எழுதுங்கள்.

படி 3: பதில் அளியுங்கள். 'டிமாண்ட் சரி' என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால் பின்னர் மறுக்க இயலாது. தொகை சிறியதுதானே என்று அதை அழுத்திவிடுவது, என் பார்வையில், வீண் இழப்பு. ஏற்கெனவே கட்டிய வரி என்றால் மறுப்பைத் தேர்ந்தெடுத்து, 7 இலக்க பி.எஸ்.ஆர். கோடு (வரி கட்டிய வங்கிக் கிளையின் எண்), சலான் வரிசை எண், கட்டிய தேதி, தொகை ஆகியவற்றை நிரப்பிச் சலானின் நகலை இணைக்க வேண்டும். ஒரு பகுதியை மட்டும் மறுக்கவும் வழியுண்டு. அறிவிப்பில் குறித்த கெடுவுக்குள் பதில் போகாவிட்டால், ரீஃபண்டிலிருந்து பாக்கி கழிக்கப்பட்டுவிடும்.

படி 4: உங்கள் மறுப்பு மதிப்பீட்டு அலுவலரிடம் செல்லும். கணக்கிலேயே பிழை இருந்தால் 154 ஆவது பிரிவின்கீழ் திருத்த மனுவையும் தாக்கல் செய்யுங்கள். மேல்முறையீடு நிலுவையில் இருப்பவர்கள், பொதுவாக பாக்கியில் 20 சதவீதத்தைக் கட்டி, மீதிக்குத் தடை கோரலாம்.

பாக்கி மிகப் பழையது என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். 2010-11 வரையிலான மதிப்பீட்டு ஆண்டுகளுக்கு 25,000 ரூபாய் வரையிலும், 2011-12 முதல் 2015-16 வரை 10,000 ரூபாய் வரையிலும் இருந்த சிறு பாக்கிகளைத் தள்ளுபடி செய்ய 2024 பிப்ரவரியில் உத்தரவு பிறந்தது. ஒருவருக்கு மொத்த வரம்பு 1 லட்சம். அதற்குள் அடங்கும் பாக்கி இன்னமும் உங்கள் கணக்கில் தெரிந்தால், இணையதளத்தின் குறைதீர்ப்புப் பகுதியில் ஆண்டையும் தொகையையும் குறிப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.