108 வண்டிக்கு நிலையம் கட்டும்போது செய்யக்கூடாத தவறுகள்

தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியது 2008-ல். இத்தனை வருடம் ஆகியும் பல ஊர்களில் அந்த வண்டிக்கென்று ஓர் இடம் இல்லை. ஆஸ்பத்திரி வளாகத்து மரத்தடி, காவல் நிலைய வாசல், சாலையோரம் என்று எங்கேயாவது நிற்கும். வண்டி ஓட்டும் பைலட்டும், நோயாளியைக் கவனிக்கும் அவசர மருத்துவ உதவியாளரான இஎம்டியும் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டை அங்கேயே கழிப்பார்கள். வீடுகள் பெருகிக்கொண்டே போகும் உங்கள் ஊரில் "இவர்களுக்கு ஒரு நிலையம் கட்டலாமே" என்ற பேச்சு எழுந்தால், தயவுசெய்து அதை வண்டி நிறுத்தும் ஷெட்டாக மட்டும் நினைக்காதீர்கள். மற்ற தவறுகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காகவே ஓர் இடத்தை எடுத்துக்கொள்வது பெரிய தவறு. சும்மா கிடைப்பது பல சமயம் ஏரி ஓரத்துப் புறம்போக்காகவோ தாழ்வான நிலமாகவோதான் இருக்கும். 2015 வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் எப்படி மூழ்கின என்பதை தாம்பரம் பக்கத்து ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். அடித்தளத்தை நான்கடி உயர்த்தினாலும் வாசலுக்கு முன்னால் சாலை மூழ்கிக் கிடந்தால் வண்டி எப்படி வெளியே போகும்? அப்புறம், சாலையின் நடுத்தடுப்பு. எதிர்த்திசையில் கேஸ் வந்தால் எவ்வளவு தூரம் போய்த் திரும்ப வேண்டும் என்று நீங்களே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள், அதுவும் மாலை ஆறு மணிக்கு. இன்றைய நெரிசல் மட்டும் கணக்கு இல்லை. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 கடைசியில் திறந்த பிறகு அந்தப் பக்கத்துப் போக்குவரத்தே வேறு மாதிரி ஆகிவிட்டது. உங்கள் ஊருக்கு அடுத்து என்ன வரப்போகிறது என்று விசாரித்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

அடுத்தது, வண்டிக்கு இடம் ஒதுக்கியது போக மிச்சமிருக்கும் மூலையில் ஆட்களைத் திணிப்பது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் இஎம்டி ஷிஃப்ட் நாட்களில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார், ஏனென்றால் அவர் வண்டி நிற்கும் இடத்தில் கழிப்பறை இல்லை. பிரசவமும் விபத்தும் பார்க்கிற ஒருவரை நாம் அப்படி வைத்திருக்கிறோம் என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்தலாகவே இருக்கிறது. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஓய்வறை, மோசமான ஒரு கேஸ் முடிந்து வந்தால் குளித்துவிட்டுச் சட்டை மாற்ற ஓர் இடம், சோறு சூடுபண்ண ஒரு மேடை: செலவைக் குறைக்க வேண்டுமானால் வேறு எதில் வேண்டுமானாலும் கை வையுங்கள், இவற்றில் வேண்டாம். ஓய்வறை ஜன்னலை வண்டியின் புகைக்குழாய் பக்கம் வைத்துவிடாதீர்கள். படுக்கையிலிருந்து வண்டிக் கதவு வரை படியோ இடுக்கோ இல்லாமல் நேர்வழி இருக்கட்டும்.

ஷெட்டுக்கு வெறும் தகர ஷீட் போட்டால் மே மாதத்தில் வண்டிக்குள் இருக்கும் மருந்துகள் வெந்துவிடும். ஷீட்தான் முடியும் என்றால் அதற்குக் கீழே ஒரு காப்பு அடுக்கும், மேலே வெள்ளைப் பூச்சும் கொடுங்கள். நீளத்தை அளக்கும்போது வண்டியை மட்டும் அளக்காமல், பின்கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரை முழுவதும் வெளியே இழுத்துவிட்டு அளக்க வேண்டும். முடிந்தால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி கட்டுங்கள், ரிவர்ஸ் எடுக்கும் நேரம் மிச்சம்.

பசுமைக் கட்டடம் என்று சொல்லிக்கொண்டு முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்டு, உள்ளே ஏசி வைத்து, மேலே நாலு சோலார் பலகை மாட்டுவதும் நடக்கிறது. முதலில் காற்றும் நிழலும் வரட்டும், பிறகு சோலார். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் நூறு சதுர அடி கூரை வேண்டும், நாளுக்கு ஏறக்குறைய நாலு யூனிட் கிடைக்கும். ஆனால் பேட்டரி இல்லாவிட்டால் கரண்ட் போன இரவில் அதனால் பயன் இல்லை. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே கிட்டத்தட்ட 900 லிட்டர் என்பதால் மழைநீரைக் கட்டாயம் பிடியுங்கள். ஆனால் வண்டி கழுவும் தண்ணீரில் ரத்தம் கலந்திருக்கும். அது மழைநீர்க் குழிக்குள் போய்விடாதபடி தளத்தின் வாட்டத்தைக் கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மருத்துவக் கழிவையும் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அதற்குப் பூட்டு போடும் தனி அறை தேவை.

சரி, ஊர்க்காரர்கள்? எட்டடி மதில், இரும்புக் கேட், 'அனுமதி இல்லை' பலகை என்று கட்டினால் நள்ளிரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இரவெல்லாம் எரியும் ஒரு விளக்கு, கைக்கெட்டும் உயரத்தில் அழைப்பு மணி, தமிழில் பெரிய எழுத்தில் பலகை, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வரும் சாய்தளம், உட்கார ஒரு திண்ணை. வண்டி வெளியே போயிருந்தால் என்ன செய்வது என்பதையும் அந்தப் பலகையிலேயே எழுதி வையுங்கள்.

ஒரு வண்டிக்கான அளவில் கட்டி முடித்துவிட்டு மிச்ச நிலத்தில் கடை கட்டி வாடகைக்கு விடாதீர்கள். ஊர் பெருகினால் இரண்டாவது வண்டி வரும், அதற்கான இடத்தை இப்போதே சாலைப் பக்கம் காலியாக விடுங்கள். காலி இடத்தைப் பார்த்ததும் வேப்பங்கன்று நடத் தோன்றும். அதை மேற்குப் பக்கம் நட்டால் சில வருடங்களில் ஷெட்டின் மேல் மாலை வெயில் விழாது.