டெல்லியில் ஒன்பதாம் வகுப்பு: பாடங்களைக் குறித்துக் கொடுப்பதற்கு முன்

பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் என்று வீட்டில் நடக்கிற வாக்குவாதத்தில் பாதியை ஒன்பதாம் வகுப்புத் தொடங்கும் ஏப்ரலிலேயே முடித்துவிட வேண்டும். சிபிஎஸ்இ பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பில்தான் மாணவரின் பெயர் வாரியத்தில் பதிவாகிறது. அப்போது குறித்துக் கொடுத்த பாடங்களையே பத்தாம் வகுப்பிலும் தொடர வேண்டும். நடுவில் மாற்ற நினைத்தால் பள்ளி மூலமாகக் காரணம் காட்டி வாரியத்திடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். டெல்லியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு முடிவு கூடுதல்: இரண்டாம் மொழியாகத் தமிழை எடுப்பதா, இந்தியை எடுப்பதா?

கட்டாயப் பாடங்கள் ஐந்து: இரண்டு மொழிகள், கணிதம், அறிவியல், சமூக அறிவியல். ஒவ்வொன்றுக்கும் எழுத்துத் தேர்வு 80, அகமதிப்பீடு 20. இரண்டையும் சேர்த்து 33 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. அந்த 20 மதிப்பெண் நான்கு ஐந்தாகப் பிரிகிறது: பருவத் தேர்வு, பலவகை மதிப்பீடு, போர்ட்ஃபோலியோ (பிள்ளை செய்த வேலைகளின் தொகுப்பு), பாடம் சார்ந்த செயல்பாடு. வருகைப்பதிவு 75 சதவீதம் இருக்க வேண்டும். ஊரில் கல்யாணம், திருவிழா என்று ஒரு மாதம் போய்விட்டு வருகிற குடும்பங்கள் இதை நாட்காட்டியில் முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. 2026 முதல் பத்தாம் வகுப்புக்கு ஆண்டில் இரண்டு பொதுத்தேர்வுகள். பிப்ரவரியில் நடக்கும் முதல் தேர்வை எல்லோரும் எழுதியாக வேண்டும். மே மாதத் தேர்வு விருப்பம். அதில் மூன்று பாடங்கள் வரை மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளலாம். முதல் தேர்வுக்குப் போகாமல் மே மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தமிழா, இந்தி மொழியா என்ற முடிவு

இரண்டு மொழிகளில் ஒன்று ஆங்கிலமாகவோ இந்தியாகவோ இருந்தால் போதும் என்பது விதி. ஆகவே ஆங்கிலமும் தமிழும் என்று எடுக்க வழி இருக்கிறது. பத்தாம் வகுப்பில் தமிழின் பாடக்குறியீடு 006. இந்திக்கு இரண்டு குறியீடுகள்: கோர்ஸ் ஏ 002, கோர்ஸ் பி 085. வீட்டில் இந்தி பேசாத பிள்ளைக்குப் பெரும்பாலும் பி-தான் பொருந்தும், ஆனால் பள்ளி எதை நடத்துகிறதோ அதுதான் கிடைக்கும். மொழி விதிகள் மாறிக்கொண்டே வருகின்றன. அதனால் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் சேரும் ஆண்டுக்கு வாரியம் வெளியிட்டிருக்கும் பாடத்திட்ட ஆவணத்தைப் பள்ளியில் கேட்டு வாங்கி, மொழிப் பகுதியை மட்டுமாவது வரிவரியாகப் படித்துவிடுங்கள்.

தமிழ் எங்கே கிடைக்கும்? டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மோதிபாக், ராமகிருஷ்ணபுரம், பூசா ரோடு, ஜனக்புரி ஆகிய இடங்களில் இருக்கின்றன. மற்றப் பள்ளிகளில் ‘தமிழ் உண்டு’ என்று சொன்னால் அத்தோடு விட்டுவிடாமல் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: முழுநேரத் தமிழாசிரியர் இருக்கிறாரா, வாரத்துக்கு எத்தனை பீரியட், போன ஆண்டு எத்தனை பிள்ளைகள் 006 எழுதினார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வரவில்லையென்றால் அங்கே தமிழ் காகிதத்தில்தான் இருக்கிறது.

பிள்ளை தமிழ் எடுக்கலாமா என்பதை வீட்டிலேயே ஒரு மாலையில் சோதித்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் எட்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஓர் உரைநடைப் பக்கத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு பத்து வரி சொல்லச் சொல்ல எழுதட்டும். எட்டுப் பத்துப் பிழைக்குள் அடங்கினால் ஓராண்டுப் பயிற்சியில் சரியாகிவிடும். இருபதைத் தாண்டினால், அதுவரை பள்ளியில் தமிழே படிக்காத பிள்ளையாகவும் இருந்தால், ஒன்பதாம் வகுப்பில் தமிழைத் தொடங்குவது அவன் மேல் சுமை ஏற்றுவதாகும். அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தமிழைப் பரீட்சைக்கு வெளியே, அவசரமில்லாமல் சொல்லிக்கொடுப்பதுதான் அன்பு.

டெல்லியில் வளரும் பிள்ளைகள் சரளமாகத் தமிழ் பேசுவார்கள்; எழுதும்போதுதான் சறுக்கல். ர-ற, ல-ள-ழ, ன-ண-ந மாறிப்போகும். கட்டுரையில் ‘வந்துச்சு’, ‘படிச்சிட்டு’ என்று பேச்சு நடை நுழையும். ‘தமிழ்ப் பாடம்’ என்பதில் ப் விட்டுப்போகும். தினமும் 15 நிமிடம், பத்து வரி சொல்வதெழுதுதல், அன்றைய பிழைகளை மட்டும் தனி நோட்டில் மூன்று முறை எழுதுதல்: இதை விடாமல் செய்தால் அரையாண்டுக்குள் வித்தியாசம் தெரியும். பிழை நோட்டு இல்லாத சொல்வதெழுதுதலில் பலன் பாதிதான்.

இலக்கணத்தில் பிள்ளைகள் அதிகம் பயப்படுவது அலகிடுதலுக்கு, அதாவது செய்யுளின் ஒவ்வொரு சீரையும் நேர், நிரை என்ற அசைகளாகப் பிரித்து, புளிமா, தேமா என்று அதற்குரிய வாய்பாடு சொல்வதற்கு. உண்மையில் விதி தெரிந்துவிட்டால் மதிப்பெண் குறையாமல் வாங்கித்தரும் பகுதி இதுதான். ‘அகர முதல எழுத்தெல்லாம் ஆதி’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். அக/ர நிரை நேர், புளிமா. முத/ல அதுவும் புளிமா. எழுத்/தெல்/லாம் நிரை நேர் நேர், புளிமாங்காய். ஆ/தி நேர் நேர், தேமா. இரண்டாம் அடியில் பக/வன் புளிமா, முதற்/றே புளிமா. இதுவரை யாரும் தவறுவதில்லை. கடைசிச் சீரான ‘உலகு’ வரும்போது உல/கு என்று பிரித்து மறுபடியும் புளிமா என்று எழுதிவிடுகிறார்கள். வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாகத்தான் முடியும். ‘உலகு’ குற்றியலுகரத்தில் (குறுகி ஒலிக்கும் உகரத்தில்) முடிவதால் இங்கே பிறப்பு. தினம் ஒரு குறள் வீதம் ஒரு மாதம் அலகிட்டுப் பார்த்தால் கை பழகிவிடும்.

கணிதம்: ஸ்டாண்டர்டு, பேசிக்

இரண்டுக்கும் பாடத்திட்டம் ஒன்று, புத்தகம் ஒன்று, வகுப்பும் ஒன்று. பொதுத்தேர்வு வினாத்தாளின் கடினம் மட்டுமே வேறு. ஸ்டாண்டர்டு 041, பேசிக் 241. எது என்பதை ஒன்பதாம் வகுப்பில் சொல்ல வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு எழுதுவோர் பட்டியலைப் பள்ளி நிரப்பும்போது சொன்னால் போதும். ஆகவே ஒன்பதிலேயே ‘இவனுக்குக் கணக்கு வராது’ என்று முத்திரை குத்தாதீர்கள்.

பத்தாம் வகுப்பின் முதல் பருவத் தேர்வுத் தாளை எடுத்துவைத்து, இழந்த மதிப்பெண்கள் எங்கே போயின என்று பாருங்கள். கூட்டல் கழித்தல் பிழை, குறி மாறுதல், படி விடுதல் என்றால் ஸ்டாண்டர்டிலேயே இருக்கட்டும். கேள்வியைச் சமன்பாடாக மாற்றவே வரவில்லை, ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதமே தடுமாறுகிறது, மேலே கணிதம் எடுக்கும் எண்ணமும் இல்லை என்றால் பேசிக் எடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை. பேசிக் எழுதியவர் பதினொன்றில் அப்ளைடு மேத்தமேட்டிக்ஸ் (பயன்பாட்டுக் கணிதம்) எடுக்கலாம். பதினொன்றிலும் வழக்கமான கணிதத்தின் குறியீடு 041-தான்; அது வேண்டியிருக்கலாம் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் ஸ்டாண்டர்டு எழுதிவிடுவதே பாதுகாப்பு. இன்ஜினியரிங் நினைக்கும் பிள்ளைக்கு 041 இல்லாமல் நடக்காது.

ஆறாவது பாடம்

திறன் பாடம் ஒன்றை ஆறாவதாக எடுக்கலாம். பள்ளிகளில் அதிகம் காணப்படுவது இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி 402, செயற்கை நுண்ணறிவு 417. இவற்றில் எழுத்துத் தேர்வு 50, செய்முறை 50. கணிதம், அறிவியல், சமூக அறிவியல் மூன்றில் ஒன்றில் தவறி, திறன் பாடத்தில் தேர்ச்சி பெற்றிருந்தால், தவறிய பாடத்தின் இடத்தில் இது வைக்கப்பட்டு முடிவு கணக்கிடப்படும். இது பெரிய பாதுகாப்பு. ஆனால் அறிவியலில் தவறிய பிள்ளைக்கு 402 தேர்ச்சி வாங்கித்தருமே தவிர, பதினொன்றில் சயன்ஸ் குரூப் வாங்கித்தராது.

402 எடுத்தால் கணினி அறையில் பிள்ளைக்கு வாரம் எத்தனை மணி நேரம் கிடைக்கும், ஒரு கணினிக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். ஸ்ப்ரெட்ஷீட்டும் டேட்டாபேஸும் கரும்பலகையில் வருகிற பாடங்கள் அல்ல. ஒரு கணினிக்கு நான்கு பேர் என்றால் விசைப்பலகையைத் தொடுகிற ஒருவன்தான் கற்றுக்கொள்வான்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது

கையேட்டில் எல்லாப் பள்ளியிலும் எல்லாமும் இருக்கும். ஆய்வகம் உண்மையில் நடக்கிறதா என்று அறிய ஒரு நல்ல வழி, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேருடைய அறிவியல் ரெக்கார்டு நோட்டைக் கேட்டு, ஓமின் விதிச் சோதனையைத் திறந்து பார்ப்பது. வோல்ட்மீட்டர், அம்மீட்டர் அளவுகள் மூன்று நோட்டிலும் ஒன்றே போல, மின்தடை எல்லா வரிசையிலும் பிசகில்லாமல் ஒரே எண்ணாக இருந்தால், அவை பார்த்து எழுதியவை. கையால் செய்த பிள்ளையின் நோட்டில் எண்கள் கொஞ்சம் அங்கே இங்கே இருக்கும். மின்சுற்றின் சாவியைப் போட்டபடியே வைத்துவிட்டால் கம்பி சூடாகி மின்தடை ஏறும், கடைசி அளவுகள் விலகும். அளவெடுக்கும்போது மட்டும் சாவியைப் போட வேண்டும் என்று அந்தப் பிள்ளை தானாகவே சொல்லும். அப்படிச் சொல்கிற பிள்ளை இருக்கும் பள்ளியில் தைரியமாகச் சேர்க்கலாம்.

பாடத்துக்கு வெளியே கேட்க வேண்டியவை சில. என்சிசி (தேசிய மாணவர் படை) ஜூனியர் பிரிவு இருந்தால் எட்டு அல்லது ஒன்பதாம் வகுப்பில் சேர வேண்டும். ‘ஏ’ சான்றிதழுக்கு இரண்டு ஆண்டு பயிற்சி, பத்தில் சேர நினைத்தால் காலம் போதாது. பிள்ளைகள் தாங்களே கருவிகள் செய்து பார்க்கும் அடல் டிங்கரிங் லேப் இருக்கிறதா, இருந்தால் அதன் சாவி யாரிடம், வாரத்தில் எந்த நாள் திறக்கிறது என்று கேளுங்கள். மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்துக்குப் பிள்ளைகளின் புதுமையான அறிவியல் யோசனைகளைப் பள்ளிதான் பரிந்துரைக்க வேண்டும். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் கிடைக்கும். பள்ளி பரிந்துரைக்காவிட்டால் பிள்ளைக்கு எவ்வளவு நல்ல யோசனை இருந்தும் பயனில்லை. டெல்லியில் இருப்பதன் பெரிய வசதியையும் விட்டுவிடாதீர்கள்: பிரகதி மைதானம் பக்கத்தில் தேசிய அறிவியல் மையம், தீன்மூர்த்தியில் கோளரங்கம், ஜன்பத்தில் தேசிய அருங்காட்சியகம். சமூக அறிவியல் செயல்திட்டத்துக்குக் கடையில் சார்ட் வாங்கி ஒட்டுவதைவிட அந்த அருங்காட்சியகத்தின் ஹரப்பா காட்சிக்கூடத்தில் ஒரு மணி நேரம் நின்று குறிப்பெடுத்தால் பிள்ளைக்கு ஆயுசுக்கும் நிற்கும்.

பதிவுப் படிவத்தில் பெயர்

தமிழ்க் குடும்பங்கள் அதிகம் அவதிப்படும் இடம் இது. நமக்கு இனிஷியல், டெல்லிப் படிவத்துக்குக் குடும்பப் பெயர். ஆதாரில் ‘கார்த்திக் ஆர்’, பிறப்புச் சான்றிதழில் ‘கார்த்திக்’, பள்ளிப் பதிவேட்டில் ‘கார்த்திக் ராமசாமி’ என்று மூன்று விதமாக இருந்தால் பிறகு பாஸ்போர்ட்டிலும் கல்லூரியிலும் சிக்கல். ஒன்பதாம் வகுப்பில் பதியும் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதிதான் மதிப்பெண் சான்றிதழில் அப்படியே அச்சாகும். எட்டாம் வகுப்பு முடிவதற்குள் எல்லா ஆவணங்களையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பள்ளி சரிபார்க்கத் தரும் தாளில் அவசரமாகக் கையெழுத்துப் போடாமல், ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பாருங்கள்.

மாற்றலாகி வருகிறவர்களுக்கு

தமிழ்நாட்டு மாநில வாரியத்திலிருந்து வருவதானால் ஒன்பதாம் வகுப்பிலோ பதினொன்றாம் வகுப்பிலோ சேர்வதுதான் எளிது. பத்தாம் வகுப்புக்குள் நேராக நுழைய, ஒன்பதாம் வகுப்பைச் சிபிஎஸ்இ பள்ளியில் முடித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. பெற்றோரின் பணிமாற்றம் போன்ற காரணங்களுக்கு வாரியத்தின் அனுமதியோடுதான் விலக்கு. வேலை மாற்றல் ஆணை வந்தவுடன் அதன் நகலோடு பள்ளியைப் பாருங்கள், ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். டெல்லியில் கல்வியாண்டு ஏப்ரலிலேயே தொடங்கிவிடும்.

பதினொன்றில் ஐந்து பாடங்களைச் சேர்க்கும்போது

டெல்லிப் பல்கலைக்கழகம் 2022 முதல் க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு மூலம்தான் இளநிலைச் சேர்க்கை நடத்துகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் படித்துத் தேர்ந்த பாடங்களில்தான் க்யூட் எழுத வேண்டும் என்று பல்கலைக்கழகம் கேட்கிறது. ஆகவே பதினொன்றில் விட்ட பாடம் பிறகு திரும்பி வராது. பொருளாதாரம் ஹானர்ஸ் விரும்புகிற காமர்ஸ் பிள்ளை கணிதத்தை விட்டுவிட்டு உடற்கல்வி எடுத்துவிடுவது ஆண்டுதோறும் நடக்கும் தவறு; அந்தப் படிப்புக்குக் கணிதமோ அப்ளைடு மேத்தமேட்டிக்ஸோ கட்டாயம். 041-ஐயும் அப்ளைடு மேத்தமேட்டிக்ஸையும் சேர்த்து எடுக்க முடியாது. கம்ப்யூட்டர் சயன்ஸ் 083, இன்ஃபர்மேட்டிக்ஸ் பிராக்டிசஸ் 065 இரண்டில் ஒன்றுதான்.

தமிழைத் தொடர விரும்பினால் மேல்நிலையில் குறியீடு 106. சயன்ஸ் எடுத்த பிள்ளையும் ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், கணிதம் இவற்றோடு ஐந்தாவதாகத் தமிழை எடுக்கலாம், பள்ளியின் கால அட்டவணை இடம் கொடுத்தால். க்யூட்டின் 13 மொழிகளில் தமிழும் ஒன்று. எந்தப் பள்ளியில் எந்தக் குரூப்போடு தமிழ் ஒத்துப்போகிறது என்பதைப் பத்தாம் வகுப்பு அரையாண்டின்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முடிவுகள் வந்தபிறகு கேட்டால் கால அட்டவணை ஏற்கெனவே போட்டு முடிந்திருக்கும்.