வீட்டில் முதல் கடல்மீன் தொட்டி: வடசென்னைக்காரர்களுக்கு ஒரு செய்முறை

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். மொட்டை மாடியில் நின்றால் கடல்காற்று முகத்தில் அடிக்கும். கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று, முதல் தொட்டிக்குக் காசிமேட்டுப் பக்கம் போய்க் கேன் கேனாகக் கடல்நீர் பிடித்து வந்து ஊற்றினேன். மறுநாளே மீன் விட்டேன். நான்காம் நாள் இரண்டு க்ளவுன் மீன்களும் செத்து மிதந்தன. துறைமுகத்தை ஒட்டிய தண்ணீரில் படகு டீசலும் சாக்கடையும் கலந்திருக்கும். அதைவிடப் பெரிய தவறு, தொட்டி தயாராகும் முன்பே உயிரை உள்ளே விட்டது. அந்த இரண்டு மீன்களும் இன்னும் மனதில் இருக்கின்றன. உங்கள் வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. தொட்டியும் இடமும்

சின்னத் தொட்டி சுலபம் என்று தோன்றும். உண்மையில் அதுதான் கடினம். தண்ணீர் குறைவாக இருந்தால் சூடும் உப்பும் சட்டென்று ஏறி இறங்கும். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று எடுங்கள். விளிம்புவரை கணக்கிட்டால் சுமார் 190 லிட்டர். கண்ணாடி, கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 250 கிலோவைத் தாண்டும். மாடி வீடு என்றால் நடுக்கூடத்தில் வைக்காமல் சுவரோரம், பீம் போகும் பக்கமாக வையுங்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்து, தொட்டிக்கு அடியில் தெர்மோகோல் விரித்துக்கொள்ளுங்கள். சாதாரண இரும்பு ஸ்டாண்டை உப்பு அரித்துவிடும். பவுடர் கோட்டிங் செய்தது நல்லது. வெயில் விழும் ஜன்னல் பக்கம் வேண்டாம்.

உப்புத் தண்ணீரும் கரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கப் போகின்றன. அதனால் ஒயர்களை ப்ளக் பாயிண்டுக்குக் கீழே தொங்கி மேலே ஏறும்படி விடுங்கள். ஒயரில் வழியும் தண்ணீர் ப்ளக்குக்குப் போகாமல் கீழே சொட்டிவிடும். வீட்டில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால், தொட்டிக்கு முன்னால் அதைப் போடுங்கள்.

2. வாங்க வேண்டியவை

வண்ணமீன் என்றால் நமக்குக் கொளத்தூர்தான். அங்கே பெரும்பாலும் நன்னீர் மீன்கள்தான் என்றாலும், கடல்மீன் வைத்திருக்கும் கடைகளும் உண்டு. முதல் முறை போகும்போது மீனைப் பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள். வாங்க வேண்டியது கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், தண்ணீரை ஓடவைக்கும் வேவ் மேக்கர் இரண்டு, சாதாரண எல்இடி விளக்கு, உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றுக்கும் டெஸ்ட் கிட். ஹீட்டர் நம் ஊருக்குத் தேவைப்படாது.

கல் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். கடலிலிருந்து எடுத்த பவளப்பாறையை யார் குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடல்குதிரைக்கும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. மன்னார் வளைகுடாவில் பாறைகளை வெட்டி எடுத்ததால் அழிந்த திட்டுகளும் உண்டு. நம் வீட்டு அழகுக்காக அது நடக்க வேண்டாம். துளைகள் நிறைந்த செராமிக் கல்லே போதும். தொட்டியைச் சுத்தம் செய்யும் பாக்டீரியா அந்தத் துளைகளில்தான் குடியேறும்.

3. தண்ணீரும் உப்பும்

மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர், போர் தண்ணீர் எதையும் நேராக ஊற்ற முடியாது. கேன் தண்ணீரில் தாது சேர்த்திருப்பார்கள், அதுவும் சரிவராது. வீட்டு ஆர்ஓவுக்குப் பின்னால் மிச்ச உப்புகளையும் நீக்கும் டிஐ ஃபில்டர் ஒன்றை மாட்டி, தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் வருகிற தண்ணீரைப் பிடியுங்கள்.

“கல் உப்பும் கடலில் வந்ததுதானே, அதைப் போட்டால் என்ன?” என்று என் அத்தை கேட்டார். நல்ல கேள்வி. உப்பளத்தில் சோடியம் குளோரைடு படிந்ததும், மெக்னீசியம் மிகுந்த மிச்சத் தண்ணீரை வடித்துவிடுகிறார்கள். கடல்நீரில் மீனுக்கும் மற்ற உயிர்களுக்கும் வேண்டிய பாதி விஷயம் அதோடு போய்விடும். அதனால் மீன்தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்புதான் வாங்க வேண்டும்.

லிட்டருக்குச் சுமார் 35 முதல் 38 கிராம். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவையும் பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் மோட்டார் ஓடவிட்டு ஒரு நாள் முழுக்கக் கரைய விடுங்கள். ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 வந்தால் சரி. மீன் இருக்கும் தொட்டியில் உப்பை நேராகக் கொட்டவே கூடாது.

4. வெயில்

கடல்மீன் தொட்டிக்கு 25 முதல் 27 டிகிரி வேண்டும். மே மாதத்தில் நம் வீட்டுச் சமையலறையே எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. முடியாவிட்டால் தண்ணீரின் மேல் காற்று படும்படி சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். கடலோரப் புழுக்கத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

ஃபேன் வைத்தால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால் மட்டம் குறையும்போது உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது, உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டி மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். கோடை இரவில் கரண்ட் போனால் மீன் மூச்சுத் திணறும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் கையில் இருக்கட்டும்.

5. காத்திருப்பு

மணல், கல், தண்ணீர் எல்லாம் போட்டாயிற்று. இப்போது காசிமேட்டிலிருந்து ஒரே ஒரு பச்சை இறாலை வாங்கி, வலைத்துணியில் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிடுங்கள். அது அழுகும்போது அம்மோனியா வரும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது அளவோடு இருந்தால் பாதகமில்லை. அம்மோனியா 2 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) தொட்டதும் இறாலை எடுத்துவிடுங்கள்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை டெஸ்ட் செய்து, ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், அப்புறம் நைட்ரைட் ஏறி இறங்கும். சாதாரணமாக 4 முதல் 6 வாரம் ஆகும். நடுவில் கல்லிலும் மணலிலும் பழுப்பாக ஒரு படலம் படியும். பயந்து எல்லாவற்றையும் கழுவிவிடாதீர்கள். புதுத் தொட்டியில் வருவதுதான், தானாகப் போகும்.

இந்த வாரங்களில் “சின்ன டாம்சல் இரண்டு விடுங்க, சீக்கிரம் செட் ஆகும்” என்று சொல்பவர்கள் இருப்பார்கள். கேட்காதீர்கள். அந்த மீன் விஷத்தில் தவிக்கும். பிழைத்துவிட்டால், பின்னால் வரும் மீன்களை அடித்து விரட்டும்.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமான பிறகு மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

6. முதல் மீன்

இரண்டு க்ளவுன் மட்டும். தொட்டியிலேயே பொரித்து வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் இவற்றைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட மீன் கடலில் பிடித்ததைவிடத் தொட்டிக்குச் சீக்கிரம் பழகும். கடைக்காரரிடம் ஒரு முறை தீனி போடச் சொல்லிப் பாருங்கள். ஓடிவந்து சாப்பிடும் மீனை மட்டும் எடுங்கள்.

காலையிலேயே போய்விட்டு வெயில் ஏறும் முன் திரும்பிவிடுங்கள். பையைக் கட்டியபடியே 20 நிமிடம் தொட்டியில் மிதக்க விடுங்கள். பிறகு மீனை ஒரு டப்பாவுக்கு மாற்றி, மெல்லிய ஏர் டியூபில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக முக்கால் மணி நேரம் விழவிடுங்கள். மீனை மட்டும் வலையில் எடுத்துத் தொட்டியில் விட்டு, கடைத் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள். அன்று விளக்கு வேண்டாம், தீனியும் வேண்டாம். மேலே வலை மூடி போடுங்கள். மிரண்ட மீன் குதிக்கும்.

மறுநாளிலிருந்து தினம் இரண்டு வேளை தீனி, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு. வாரம் ஒருமுறை 15 லிட்டர் தண்ணீர் மாற்றம். அடுத்த மீனை ஒரு மாதம் கழித்து, அதுவும் டெஸ்ட் கிட் சரியாகக் காட்டினால் மட்டும் விடுங்கள்.