நீரிழிவு ஆராய்ச்சியில் வாய்ப்பு தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீரிழிவு பற்றி ஒரே ஒரு கட்டுரை வெளியாகட்டும், உடனே மெயில்கள் வரத் தொடங்கிவிடும். "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே, எங்கள் உலக மாநாட்டில் தாங்கள் சிறப்புரை ஆற்ற வேண்டும்." நீங்கள் பிஎச்.டி. முதலாண்டு மாணவராக இருந்தாலும் அவர்களுக்குப் பேராசிரியர்தான். பணம் கட்டிப் போனால் ஒரு ஹோட்டல் அறை, கொஞ்சம் பேர், அதிலும் பாதிப்பேர் வேறு துறைக்காரர்கள். சான்றிதழ் கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது. இதை வாய்ப்பு என்று நம்புவதுதான் நான் பார்த்தவற்றில் மிகப் பரவலான தவறு. சோதிக்க எளிய வழி உண்டு: அமைப்புக்குழுவில் பெயர் போட்டிருக்கும் ஒருவருக்கு நேராக மெயில் போட்டு, நீங்கள் உண்மையிலேயே இதில் இருக்கிறீர்களா என்று கேளுங்கள். தெரியவே தெரியாது என்று பதில் வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

உண்மையான மாநாடுகள் உங்களைத் தேடி வராது. அமெரிக்க நீரிழிவுச் சங்கமான ஏடிஏவின் அறிவியல் மாநாடு ஜூன் மாதத்தில், ஐரோப்பிய அமைப்பான ஈஏஎஸ்டியின் மாநாடு செப்டம்பரை ஒட்டி, இந்தியாவில் 1972 முதல் இயங்கும் நீரிழிவு ஆராய்ச்சிச் சங்கமான ஆர்எஸ்எஸ்டிஐயின் ஆண்டு மாநாடு தனி. இவற்றுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்ப வேண்டும், அதை வேறு நிபுணர்கள் மதிப்பிடுவார்கள். ஏடிஏவுக்குக் கெடு வழக்கமாக ஜனவரிவாக்கில், ஈஏஎஸ்டிக்கு ஏப்ரல்வாக்கில் முடிந்துவிடும், இளம் ஆய்வாளர்களுக்கான பயண உதவித்தொகையையும் பெரும்பாலும் அந்தச் சமயத்திலேயே கேட்டுவிட வேண்டும். மே மாதம் உட்கார்ந்து ஜூன் மாநாட்டைப் பற்றி யோசித்தால் என்ன பயன்?

பயிற்சி விஷயத்தில் தவறு வேறு மாதிரி. கையில் இருப்பதை மதிக்க மாட்டோம். சென்னையில் இருக்கும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் ஆராய்ச்சி முறைகள் பற்றி ஆன்லைனில் பாடம் நடத்துகிறது, மருத்துவ முதுநிலை மாணவர்களுக்கு அதில் ஒன்று கட்டாயமும்கூட. கட்டாயம் என்பதாலேயே வீடியோவை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, நண்பனிடம் விடை கேட்டுப் பரீட்சையை முடித்துவிடுகிறார்கள். அப்புறம் ஆய்வுக்கு எத்தனை பேர் தேவை என்று கணக்கிடத் தெரியாமல் புள்ளியியல் நிபுணரைத் தேடி அலைகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் ஈஏஎஸ்டி நடத்தும் ராபர்ட் டர்னர் மருத்துவ ஆராய்ச்சிப் பயிற்சி போன்றவற்றுக்குப் போகத்தான் வேண்டும், ஆனால் இந்த அடிப்படை இருந்தால்தான் அங்கே சொல்வது தலையில் ஏறும்.

"எங்களிடம் பணம் இல்லை, நோயாளிகளைச் சேர்க்க முடியாது, அதனால் ஆராய்ச்சி இல்லை" என்பதையும் அடிக்கடி கேட்கிறேன். புதிதாக ரத்தம் எடுத்தால்தான் ஆராய்ச்சி என்று யார் சொன்னது? அமெரிக்க அரசின் நீரிழிவு, சிறுநீரக நோய் ஆராய்ச்சி நிறுவனமான என்ஐடிடிகேயின் மையக் களஞ்சியத்தில் அந்நாட்டின் பெரிய நீரிழிவு ஆய்வுகளின் தரவுகளை முறைப்படி விண்ணப்பித்து வாங்கலாம். பிரிட்டனின் யுகே பயோபேங்கில் சுமார் 5 லட்சம் பேரின் உடல்நலத் தகவல் இருக்கிறது, அதற்குக் கட்டணம் உண்டு. இங்கே செய்யக்கூடாதது, முதலில் தரவை வாங்கிவிட்டு அப்புறம் கேள்வியைத் தேடுவது. விண்ணப்பத்திலேயே கேள்வி தெளிவாக இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

இன்னொரு பள்ளமும் இருக்கிறது. வெளிநாட்டுத் தரவில் கண்டதை அப்படியே நம் ஊருக்குப் பொருத்துவது. யுகே பயோபேங்கில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர்கள், சேரும்போது 40 முதல் 69 வயதுக்குள் இருந்தவர்கள், தாமாக முன்வந்தவர்கள் என்பதால் சராசரி மக்களைவிட ஆரோக்கியமானவர்களும்கூட. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு படத்தைப் பாருங்கள்: புனேயின் யாஜ்னிக், லண்டனின் யூட்கின், இருவரும் நீரிழிவு ஆய்வாளர்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ ஒன்றேதான், 22.3. ஆனால் உடல் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். 2002இல் வெளியான அமெரிக்கத் தடுப்பு ஆய்வான டிபிபியில் கலந்துகொண்டவர்களின் சராசரி பிஎம்ஐ 34, வாழ்க்கைமுறை மாற்றத்தால் நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. 2006இல் சென்னையிலிருந்து டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு வெளியிட்ட இந்தியத் தடுப்பு ஆய்வில் இருந்தவர்கள் அவ்வளவு பருமன் இல்லாதவர்கள், அங்கே அந்த வாய்ப்பு 28.5 சதவீதம்தான் குறைந்தது.

இதனால்தான் கூட்டாய்வில் நாம் கையேந்தி நிற்க வேண்டியதில்லை என்கிறேன். சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒருங்கிணைத்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் என்ற நாடுதழுவிய ஆய்வு 1,13,043 பேரைச் சோதித்து, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கலாம் என்று 2023இல் கணக்கிட்டது. அமெரிக்காவின் எமரி, ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகங்கள் அந்த நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்வது தர்மத்துக்காக அல்ல. ஆனால் ஒரு இளம் ஆய்வாளர் வெளிநாட்டுப் பேராசிரியருக்கு எழுதும் மெயிலைப் பாருங்கள்: "எனக்கு நீரிழிவில் மிகுந்த ஆர்வம், வாய்ப்பு தாருங்கள்", கூடவே ஆறு பக்க பயோடேட்டா. இதற்கு யார் பதில் போடுவார்கள்? அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதிலிருந்து ஒரு கேள்வி, அதற்கு உங்களிடம் இருக்கும் நோயாளிகளோ தரவோ எப்படி உதவும் என்று இரண்டு வரி. போதும்.

சரி, பதில் வந்துவிட்டது, சேர்ந்து செய்யலாம் என்று முடிவாகிவிட்டது. பெரிய தவறுகள் நடப்பது இதற்கு அப்புறம்தான். எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் கிடைத்ததும் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். வெளிநாட்டோடு சேர்ந்து செய்யும் ஆய்வுக்கு, அதுவும் ரத்த மாதிரிகள் நாடு தாண்டுவதாக இருந்தால், ஐசிஎம்ஆர் வழியாகச் சுகாதார அமைச்சகத் தேர்வுக் குழுவின் அனுமதி வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். வெளிநாட்டுப் பணம் வருவதானால் உங்கள் நிறுவனத்துக்கு, வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டமான எஃப்சிஆர்ஏவின் கீழ் பதிவோ முன் அனுமதியோ தேவையா என்று கணக்குப் பிரிவில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தச் சட்டத்தின் கீழ் வரும் பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட ஒரு கிளையில்தான் வந்து இறங்க முடியும். நிதி ஒப்புதலாகி, அங்கே அவர்களுடைய காலக்கெடு ஓடிக்கொண்டிருக்க, இங்கே நாம் கோப்பு தேடிக்கொண்டிருந்தால் அடுத்த முறை அழைக்க மாட்டார்கள். மருத்துவப் பரிசோதனை ஆய்வு என்றால் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிய வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து பின்னாளில் பதியும் வழியே கிடையாது.

அளவீட்டையும் சும்மா விடக்கூடாது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சியை ஒரு மையம் ஒரு முறையிலும் இன்னொரு மையம் வேறு முறையிலும் பார்த்தால், கடைசியில் நீங்கள் ஒப்பிடுவது கருவிகளைத்தான். நம்மிடையே ரத்தசோகை அதிகம், அதுவும் அந்த எண்ணைக் குழப்பும். எல்லா மாதிரியையும் ஒரே ஆய்வகத்தில் பார்க்க முடியுமா என்று தொடக்கத்திலேயே பேசுங்கள்.

கடைசியாக, பெயர். யார் முதல் ஆசிரியர், தரவு யாரிடம் இருக்கும், இரண்டாவது கட்டுரையை யார் எழுதலாம் என்று கேட்க நமக்குக் கூச்சம். "பெரியவர், அவரிடம் போய் எப்படிக் கேட்பது?" கேட்காவிட்டால் மாதிரிகளைச் சேகரித்தவர் நன்றியுரையில் ஒரு வரியாகிவிடுவார். மருத்துவ இதழ்களின் பதிப்பாசிரியர் குழுவான ஐசிஎம்ஜேஇயின் விதிப்படி கட்டுரையின் ஆசிரியராக இருக்க ஆய்வில் கணிசமான பங்களிப்பு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், பொறுப்பேற்பு ஆகிய நான்கும் வேண்டும். ரத்தம் மட்டும் எடுத்துக் கொடுத்தால் விதியே உங்களுக்கு எதிராக நிற்கும். அதனால் பகுப்பாய்விலும் எழுத்திலும் ஒரு பகுதியை ஆரம்பத்திலேயே கேட்டு வாங்குங்கள், பேசி முடிந்த அன்றே, "நாம் பேசிக்கொண்டபடி" என்று தொடங்கி எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.