கமரா வாங்குமுன் தொலைபேசியைத் திறந்து பாருங்கள்

விலையுயர்ந்த கமரா ஒன்றை வாங்கும் எண்ணம் எழுந்தால், கடைக்குப் புறப்படுமுன், கடந்த ஓராண்டில் கைத்தொலைபேசியில் எடுத்த படங்களை ஆறுதலாகப் பாருங்கள். மனத்துக்குப் பிடிக்காமற்போனவற்றை மட்டும் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றும் எதனால் கெட்டது என்று எழுதிவையுங்கள்.

காலி முகத்திடலின் மாலைச் சூரியன் சரிந்த அடிவானத்தோடும், பிள்ளையின் பிறந்தநாட் படம் பின்னணியிற் குப்பைக்கூடையோடும் விழுந்திருந்தால், அது எடுத்தவரின் கண்ணிலுள்ள குறை. புதிய கமரா அதே குப்பைக்கூடையை இன்னும் துல்லியமாகக் காட்டும், அவ்வளவுதான்.

மாறாக, பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் ஆடிய மகளின் கைகள் கலங்கித் தெரிந்தாலோ, தலங்கம வாவியின் நீலத் தாழைக்கோழி வெறும் புள்ளியாகத் தெரிந்தாலோ, அது கருவியின் எல்லை. ஆட்டத்தை உறையவைக்க 1/250 நொடி அல்லது அதனினும் விரைவான ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விடும் கதவு, வேண்டும். அந்தக் கணத்துக்குள் போதிய ஒளியைச் சேர்ப்பதில், பல கமராக்களில் உள்ள, 23.5 × 15.6 மி.மீ. அளவுள்ள ஏபிஎஸ்-சி வகைச் சென்சருக்கு (ஒளியைப் படமாக்கும் சில்லுக்கு), அதைவிடப் பன்மடங்கு சிறிய தொலைபேசிச் சென்சர் ஈடாகாது.

ஆயினும் பெரும்பாலானோர் பணத்தையெல்லாம் கமராவின் உடலுக்கே கொட்டிவிட்டு, கூடவே வரும் 18–55 மி.மீ. லென்ஸுடன் நின்றுவிடுகிறார்கள். அந்த லென்ஸ், தூரத்துப் பொருளைப் பெரிதாகக் காட்டும் 55 மி.மீ. முனையில், வழக்கமாக எஃப் 5.6 வரைதான் திறக்கும்; எஃப் எண் சிறிதானால் லென்ஸின் துளை பெரிதாகும். எளிய 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கும் அதிகமான ஒளியை உள்ளே விடும். ஆகவே மண்டபத்துக்கு ஒரு பழைய உடலும் இந்த லென்ஸுமே போதும். தூரத்துப் பறவைகளுக்கோ குறைந்தது 300 மி.மீ. லென்ஸ் தேவைப்படும், அதன் விலையையும் பாரத்தையும் கேட்ட பின்னரும் ஆசை தணியாவிட்டால், அது மெய்யான ஆசைதான்.

அடுத்து, நண்பரிடம் இரவல் பெற்றோ வாடகைக்கு எடுத்தோ ஒரு நிகழ்வு முழுவதும் தோளிற் சுமந்து பாருங்கள். ஷட்டர் வேகத்தையும், ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவையும் ஒருமுறையேனும் கையால் மாற்றிப்பார்க்கத் தோன்றாதவருக்கு, நல்ல தொலைபேசியே உகந்தது என்பது என் கருத்து.

கொழும்பில் இன்னொன்றையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். கடற்காற்றின் ஈரப்பதத்தில், இருண்ட அலுமாரிக்குள் துணிப்பையோடு கிடக்கும் லென்ஸினுள் பூஞ்சணம் படரும். என்னுடைய முதல் லென்ஸ் அப்படித்தான் போயிற்று. காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் இட்டு, ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். தீபாவளிக்கும் கலியாணத்துக்கும் மட்டுமே கமராவை வெளியே எடுப்பவர், அந்த இரண்டு நாட்களுக்கும் வாடகை கொடுத்துவிடலாம்.